வெயிலில் தாழும் கம்பி

7

"இது தெருவா, இல்ல யாராவது கடுகு டப்பாவைக் கவுத்துட்டாங்களா?" என்றார் ரேடியோ, கணினித் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

ரேடியோவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. இருபது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்த மனிதர். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு செய்தி வாங்கி, அடுத்த வாசலில் இரண்டாக விற்றுவிட்டு வந்ததால் வந்த பெயர் அது. இப்போது மின் கம்பெனியின் விசாரணைப் பிரிவில் உதவியாளர். ஐம்பதைத் தொடும் வயது, அதற்கு முன்பே தொட்டுவிட்ட தொந்தி.

அவருக்கு மேலே இருந்தவர் ஊசி மேடம். அதுவும் ஆபீஸ் வைத்த பெயர்தான். ஒல்லியான உருவம், ஒரே குத்தில் உள்ளே இறங்கும் கேள்வி. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். இத்தனை வருஷத்தில் மேடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை என்று சொல்வார்கள். மேடமும் அதை நம்பியிருந்தார்.

"படத்தைத் திருப்பும்மா," என்றார் ஊசி மேடம்.

ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் பெண் மவுஸை நகர்த்தினாள். திரையில் கோடிக்கணக்கான புள்ளிகள் சுழன்றன. வீடு, மரம், கம்பம், கம்பி எல்லாமே புள்ளிகள். டிரோன் மின்கம்பி வழியே பறந்து லேசர் ஒளியை வீசும். பட்டுத் திரும்பும் ஒளி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த மரம் வெட்டும் பட்டியலில் ஏறும். பட்டியல் மரம் வெட்டும் மேஸ்திரியிடம் போகும். மேஸ்திரியின் ஆட்கள் போய்க் கிளையைக் கழிப்பார்கள்.

பதினொரு நாளைக்கு முன்னால், மதியம் இரண்டே காலுக்கு, கழிக்காத ஒரு கிளை கம்பியில் பட்டது. பொறி பறந்து கீழே இருந்த தையல் கொட்டகை பற்றிக்கொண்டது. தையல்கார அம்மாவின் வலது கை வெந்துபோனது. ஊசி பிடிக்கும் கை.

மேஸ்திரியோ "லைன் சுத்தம்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதனால்தான் முந்தாநாள் கம்பெனி முற்றத்தில், முப்பது தொழிலாளிகள் பார்த்திருக்க, ஊசி மேடம் அவரை நடுவில் நிறுத்திக் கேட்டார்: "மரத்தை வெட்டாமலே வெட்டினதா எழுதியிருக்கியே, வெட்கமா இல்ல உனக்கு?"

அறுபதை நெருங்குகிற மனிதர். மேடத்தின் வயதுதான். அவருடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தான்; மூன்றாவது வரிசையில் நின்றான். மேஸ்திரி முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அந்த மரம் லிஸ்ட்டுல இல்லீங்க மேடம்."

"எல்லாத் திருடனும் சொல்றதுதான்," என்று மேடம் சொன்னார். யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை அந்த இடத்தைவிட்டு நகர்ந்து போய்விட்டான். அதற்குப் பிறகு மாமனாரோடு அவன் பேசவில்லை என்று ரேடியோ நேற்றே செய்தி வாசித்திருந்தார்.

இன்று மாலை நான்கு மணிக்குத் தலைமைப் பொறியாளர் முன்னால் விசாரணை. ஊசி மேடத்தின் அறிக்கைதான் முடிவு. மேஸ்திரிக்கு வேலை போகும்; போலீஸ் வழக்கும் வரும்.

அறிக்கை நேற்றே எழுதி முடித்தாகிவிட்டது. பட்டியலின் நகலை மட்டும் பின்னால் இணைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தார்கள்.

"மேடம், அவர் சொன்னது சரிதான்," என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி. "அந்த மரம் லிஸ்ட்ல இல்ல. இடைவெளி ரெண்டு மீட்டர் அறுபது. எல்லையைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். விபத்துக்கு அஞ்சு வாரம் முன்னாடி எடுத்த ஸ்கேன்."

ஊசி மேடத்தின் காது மடல் சுட்டது. முற்றத்தில் கேட்ட அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது மாதிரி இருந்தது.

"அஞ்சு வாரத்துல ரெண்டரை மீட்டர் வளர்றதுக்கு அது மரமா, என் மாமியார் கோபமா?" என்றார் ரேடியோ. "யாரோ படத்துல கை வெச்சிருக்காங்க மேடம்."

"எத்தனை மணிக்கு எடுத்தது?" என்றார் மேடம்.

"புதன்கிழமை. மதியம் ஒண்ணு நாற்பத்தஞ்சு. டிரோன்காரர் எழுதினது."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மரத்தை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

"வெயில், நிழல் எதுவும் இதுல தெரியாதா?"

"தெரியாது மேடம். லேசருக்குப் பகலும் ராத்திரியும் ஒண்ணுதான். உருவம் மட்டும்தான் வரும்."

"அப்போ உருவத்தைப் பார்ப்போம். இந்த வீட்டு வாசல்கள்ல வரிசையா நிக்குதே, முழங்கால் உயரத்துக்கு, அது என்ன?"

ரேடியோ குனிந்தார். இருபது வருஷம் அந்த வாசல்களில் நின்றவர். "குப்பை வாளி மேடம். குப்பை வண்டி ஆறரைக்கு வரும். ஏழு மணிக்கு மேல ஒரு வாளி வெளியில இருக்காது, நாய் இழுத்துடும்."

"மதியம் ஒண்ணே முக்காலுக்கு ஒன்பது வாளி வெளியில நிக்குது. கடை ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கு. இந்த மொட்டை மாடியில நீளமா என்ன?"

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கினாள். நான்கு கால். அதன்மேல் ஒரு மேடு. மேட்டின் ஒரு முனையில் இரண்டு பாதங்கள்.

"கட்டில்," என்றார் ரேடியோ. "மேல ஒரு மனுஷன். மதியம் ஒண்ணே முக்காலுக்கு அங்க படுத்தா ஆள் கரிக்கட்டை ஆயிடுவானே! ஒண்ணு இவர் சாமியார், இல்லன்னா நேரம் பொய்."

"சாமியாரைப் போய்ப் பார்ப்போம்," என்று மேடம் எழுந்தார். "மாடித் தரையிலேருந்து கம்பி எவ்வளவு உயரம்னு மட்டும் இதுல அளந்து சொல்லும்மா."

"ஏழு மீட்டர் இருபது மேடம்."

* * *

கட்டில்காரர் சாமியார் இல்லை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பனியனோடு படியேறி மாடிக்குக் கூட்டிப் போனார். தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது. மணி ஒன்றரை. தலைக்கு மேலே கம்பிகள் போயின. நாற்பது அடி தள்ளி அந்த மரம் பாதி கருகி நின்றது. அதன் கீழே தையல் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு மிஷினின் இரும்புக்கால் மட்டும் மிஞ்சியிருந்தது.

"தினம் இங்கதான் படுப்பீங்களா?" என்றார் மேடம்.

"வீட்டுக்குள்ள காத்து ஏதும்மா? காலையில ஆறு மணிவரைக்கும் இங்கதான். அந்தப் பறக்கற சனியன்தான் அன்னிக்கு அஞ்சரைக்கே எழுப்பி விட்டுடுச்சு. தலைக்கு மேல வந்து ங்ஙொய்னு நிக்குது. கொசு பெருத்துப்போச்சுன்னு நெனச்சு போர்வையை வீசிட்டேன்."

"மாட்டியிருந்தா கம்பெனி உங்க மேல கேஸ் போட்டிருக்கும்," என்றார் ரேடியோ. "போர்வையால டிரோனைப் பிடிச்ச முதல் ஆள்னு பேப்பர்ல படமும் வந்திருக்கும்."

"முன்னெல்லாம் மதியம்தாம்பா வரும். போன வருஷத்துலேருந்து விடியக்காலைதான்."

மேடம் கையளவு லேசர் அளவுகோலை ரேடியோவிடம் நீட்டினார். "கம்பியை அளங்க."

ரேடியோ வாங்கி மேலே பிடித்தார். சிவப்புப் புள்ளி கம்பியைத் தேடி அலைந்தது. கை ஆடிற்று. மூன்றாவது முறைதான் எண் வந்தது. அவர் அதை வாசித்துச் சொல்லக்கூட இல்லை. கருவியை மேடத்திடம் திருப்பிக் காட்டினார்.

ஐந்து மீட்டர் முப்பது.

மேடம் எண்ணை இரண்டு தடவை பார்த்தார். "ஏழு இருபதுன்னு சொன்னாளே. ரெண்டு மீட்டர் எங்க போச்சு?"

"எங்கேயும் போகல," என்றார் கட்டில்காரர். "வெயில்ல கம்பி தாழும்ல? சூடு ஏறினா நீளும், நீண்டா தொய்யும். மதியம் எல்லா வீட்டுலயும் ஏ.சி. போட்டா இன்னும் தாழும். விடியக்காலையில இறுகி மேல போயிடும். நான் கட்டிலையே அதைப் பார்த்துத்தான் போடுவேன்." அவர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம். "கரண்ட் ஆபீஸ்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதாம்மா?"

மேடம் கருவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பனியன் போட்ட ஒரு மனிதருக்குக் கட்டில் போடும்போது தெரிகிற விஷயம்.

விடியற்காலையில் இரண்டு மீட்டர் அறுபது. மதியம் கம்பி இரண்டு மீட்டர் இறங்கிவிட்டால் மிச்சம் அரை மீட்டர்தான். ஐந்து வாரத் தளிரும் ஒரு வீச்சுக் காற்றும் அதைத் தின்றுவிட்டன. படத்தில் யாரும் கை வைக்கவில்லை. மேஸ்திரியும் பொய் சொல்லவில்லை. மதியம் எடுக்க வேண்டிய ஸ்கேனை விடியற்காலையில் எடுத்துவிட்டு, மதியம் என்று எழுதியிருக்கிறார்கள்.

"டிரோன்காரரைப் பிடிப்போம்," என்று மேடம் விறுவிறுவென்று படி இறங்கினார். உள்ளே ஏதோ கொஞ்சம் லேசானது. தப்பு செய்த ஆள் ஒருவன் கிடைத்துவிட்டால், முற்றத்தில் பேசிய பேச்சையும் அவன் தலையில் இறக்கி வைத்துவிடலாம் அல்லவா?

ஜீப்பில் பாதி வழி வந்த பிறகுதான் மேடத்துக்கு ஏதோ உறுத்தியது. ஒரு சிக்னலில் நின்றார்கள். பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு ஆள் தலையில் ஒரு ஹெல்மெட், முழங்கையில் ஒரு ஹெல்மெட், முன்னால் நின்ற ஆட்டுக்குட்டியின் தலையில் ஒரு சின்ன ஹெல்மெட் என்று நின்றிருந்தான். மேடத்துக்கே சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தார்.

ரேடியோ ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வரவில்லை.

"என்ன, பேட்டரி போயிடுச்சா?"

"தலைவலி மேடம்."

ஏழெட்டு வருஷமாக அவரோடு வண்டியில் போகிறார் மேடம். பல் பிடுங்கின அன்றைக்கும் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசினவர். எங்கே நின்றது பேச்சு? போர்வையால் டிரோன் பிடித்ததுவரைக்கும் இருந்தது. 'போன வருஷத்துலேருந்து விடியக்காலைதான்' என்று கட்டில்காரர் சொன்னாரே, அதற்குப் பிறகு இல்லை. அளவுகோல் பிடித்த கையும் அப்போதுதான் ஆடியது.

மேடம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

* * *

டிரோன்காரர் கொட்டகையில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டதும் எழுந்து நின்றார். கேட்கும் முன்பே முகம் வெளுத்துவிட்டது.

"அஞ்சரைக்குப் பறந்துட்டு ஒண்ணே முக்கால்னு ஏன் எழுதினீங்க?"

"ஃபாரம் வேற நேரத்தை வாங்காது மேடம். பன்னெண்டுலேருந்து மூணுக்குள்ள போடலன்னா சிவப்பு காட்டும், படம் ஏறாது. எழுதிக் கேட்டேன், யாரும் மாத்தல. தப்புதான் மேடம்."

"அப்போ மதியமே பறந்திருக்கலாமே?"

"அதுக்குத்தான் உத்தரவு இருக்கே மேடம். விடியக்காலை மட்டும்தான் பறக்கணும்னு."

"யார் உத்தரவு?"

டிரோன்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் கண் ரேடியோவிடம் போனது. ரேடியோ இரும்பு அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். கொட்டகையில் அத்தனை இடம் இருக்க, அந்தக் கதவில்.

"நகருங்க ரேடியோ."

"மேடம், ஒரு டீ குடிச்சிட்டு வந்து..."

"நகருங்க."

மேடம் அலமாரியைத் திறந்தார்; கதவின் உள்பக்கம், பசை நாடா போட்டு ஒட்டிய காகிதம். மேலே கம்பெனி முத்திரை, கீழே கையெழுத்து. கையெழுத்தை மேடம் முதலில் பார்த்தார்; தன்னுடையது. அதற்குமேல் வாசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் வாசித்தார்.

'மதிய வேளையில் டிரோன் மொட்டை மாடிகளின் மேல் பறப்பதாகக் குடியிருப்போர் புகார் செய்துள்ளனர். இனி அதிகாலையில் மட்டும் பறக்க உத்தரவிடுகிறேன். மதியத்தில்தான் பறக்க வேண்டும் என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.'

காரணம் தெரியவில்லைதான். கேட்கவே இல்லையே. தொலைபேசியில் அரைமணி நேரம் விசாரித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்த புகார் அது. வாரத்துக்கு ஐம்பது காகிதம், ஞாபகத்தில்கூட இல்லை.

"நான்தான் டைப் அடிச்சேன் மேடம்," என்றார் ரேடியோ. அந்தக் குரலை மேடம் இதற்குமுன் கேட்டதில்லை. "மாடியில அவர் சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சு."

காகிதத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதிய எழுத்து.

'ஐயா அம்மா அவர்களுக்கு. காலையில் கம்பி மேலே நிற்கும். வெயிலில் தாழும். காலையில் அளந்து லிஸ்ட் போட்டால் வெட்ட வேண்டிய மரம் விட்டுப்போகும். ஆபத்து. தயவு செய்து யோசிக்கவும். — மரம் வெட்டும் மேஸ்திரி.'

அதன் ஓரத்தில் பச்சை மசியில் ஒரே சொல். 'பார்த்தேன்.' கீழே மேடத்தின் சுருக்கொப்பம், தேதி, டிரோன் பிரிவுக்கு அனுப்பிய முத்திரை.

'பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். வாசித்ததாக ஞாபகம் இல்லை.

முகம் முழுக்க ரத்தம் ஏறியது. கழுத்து, காது, நெற்றி எல்லாம். இரண்டு ஆண்களுக்கு நடுவே நின்றுகொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அடுக்கியிருந்த பேட்டரிகளை எண்ணினார். பதினான்கு. மறுபடி எண்ணினார். முந்தாநாள் அந்த மனிதருக்கு இந்தத் தாள் ஞாபகம் இருந்திருக்கும். 'நான் எழுதிக் கொடுத்தேனே' என்று முப்பது பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. 'லிஸ்ட்டுல இல்லீங்க' என்றதோடு நிறுத்திக்கொண்டார். திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு போனார்.

"மேடம்," ரேடியோ பக்கத்தில் வந்தார். "நேரத்தை மாத்திப் போட்டது டிரோன்காரர். அது நிஜம்தானே? அதை மட்டும் எழுதினா மேஸ்திரியும் தப்பிச்சுடுவார். உங்களுக்கு இன்னும் ஏழு மாசம்தான். இந்த அலமாரியில கரையான் வேற இருக்கு. காகிதம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

டிரோன்காரர் தலையைக் குனிந்து நின்றார். ஊசி மேடம் எதிரே மறுத்துப் பேசிப் பயனில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் மேடத்தை இன்னும் ஆழமாகக் குத்தியது.

மேடம் பசை நாடாவை நகத்தால் மெல்ல உரித்தார். இரண்டு தாளும் கிழியாமல் வரவேண்டும் என்று பொறுமையாக உரித்தார்.

"மணி என்ன?"

"மூணு பத்து மேடம்."

* * *

நான்கு மணிக்குத் தலைமைப் பொறியாளரின் அறையில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை. துவைத்து மடிப்புக் கலையாத சட்டை. வேலை போகும் நாளைக்கு என்று எடுத்து வைத்திருந்தது போலும்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"இங்க வேண்டாம் சார்," என்றார் ஊசி மேடம். "முற்றத்துக்குப் போகணும். அன்னிக்குப் பேசினது அங்கதான்."

முற்றத்தில் லாரி பக்கத்தில் முப்பது பேரும் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை கடைசியில், கயிற்றுச் சுருளோடு. மேடம் நடுவில் போய் நின்றார். முந்தாநாள் மேஸ்திரி நின்ற அதே இடம். சிமெண்டில் ஒரு விரிசல் இருந்ததால் தெரிந்தது. அவர் அன்று எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதும் இப்போது தெரிந்தது.

முதலில் மேஸ்திரியின் தாளை வாசித்தார். அடுத்து ஓரத்தில் இருந்த 'பார்த்தேன்' என்பதை. பிறகு தன் உத்தரவை. 'காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை' என்ற இடத்தில் நிறுத்தினார். இருமிவிட்டு மறுபடியும் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார்.

"அந்த மரம் லிஸ்ட்டுல இல்லாததுக்கு நான்தான் காரணம். தையல்கார அம்மாவோட கைக்கும் நான்தான். டிரோன்காரர் ஃபாரத்துல தப்பு நேரம் போட்டதும் என் உத்தரவாலதான். இவர் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தார். நான் படிக்கல." மேடம் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "உங்களை நான் நீ வா போன்னு பேசினேன். திருடன்னு சொன்னேன். உங்க மாப்பிள்ளை முன்னாடி சொன்னேன். வெட்கமா இல்லையான்னு கேட்டேன். இப்போ எனக்கு..."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேஸ்திரி அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"போன வருஷத்துலேருந்து எல்லா லைனும் விடியக்காலையிலதான் எடுத்தாங்களா மேடம்?"

"ஆமாங்க."

"அப்போ எல்லா லிஸ்ட்டும் தப்பு."

மேடம் விக்கித்துப் போனார். தன் வெட்கத்தைத் தூக்கிச் சுமந்துகொண்டு வந்ததில் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"மத்ததை அப்புறமா பேசிக்கலாம்," என்றார் மேஸ்திரி. "ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி போற லைன்ல எட்டு மரம் எனக்கே தெரியும். வெயில் இன்னும் இறங்கல. கம்பி இப்போ கீழதான் நிக்குது."

"உத்தரவு எழுதணுமே மேஸ்திரி," என்றார் தலைமைப் பொறியாளர்.

"எழுதுங்க சார். முதல்ல போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்க. நாங்க போய்க்கிட்டிருக்கோம்."

முப்பது பேரும் அசைந்தார்கள். ரம்பங்கள் ஏறின, ஏணிகள் ஏறின. மாப்பிள்ளை கயிற்றை லாரியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கையில் மஞ்சள் ஹெல்மெட்.

"மாமா," என்றான். அவ்வளவுதான். மேஸ்திரி அதை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். வார் சரியாக மாட்டவில்லையோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நானும் வரலாமா?" என்று கேட்டார் ஊசி மேடம். கையில் அந்த அளவுகோல் இருந்தது. "கம்பி உயரம் அளக்க."

மேஸ்திரி அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். கோபம் தீர்ந்திருக்கவில்லை. தீர வேண்டும் என்று மேடமும் எதிர்பார்க்கவில்லை.

"வாங்க. ஆனா எதுல கை வெக்கறதுக்கு முன்னாடியும் கேளுங்க."

முன் சீட் காலியாக இருந்தது. மேடம் அங்கே போகவில்லை. ரேடியோ கை கொடுக்க, லாரியின் பின்பக்கம் ஏறினார். ரம்பங்களுக்கும் ஏணிகளுக்கும் நடுவே கயிற்றுச் சுருள் ஒன்று உட்கார வாகாகக் கிடந்தது. உட்காரப் போனவர் நின்றார். மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"தம்பி, இதுமேல உட்காரலாமா?"

"கூடாது மேடம். அது ஆளைத் தாங்கற கயிறு," என்றான் அவன். "அந்தப் பக்கம் உட்காருங்க."

மேடம் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.